எய்ட்ஸ் பணத்தின் கதை: வாஷிங்டனிலிருந்து வேதாரண்யம் வரை

புள்ளிராஜாவைத் தெரியுமா? நம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. 2003 வாக்கில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பேனர்களிலும் திடீரென்று ஒரு கேள்வி முளைத்தது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே பேசியது. கடைசியில் அது ஒரு கேலிப் பெயராகவே ஆகிவிட்டது. அதற்குச் சற்று முன் மும்பையில் "பல்பீர் பாஷா" என்ற பெயரில் நடந்த விளம்பரத்தின் பாணிதான் இது. அப்பா, சித்தப்பா வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

விளம்பரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த சில கேள்விகளை யாரும் கேட்பதில்லை. இதற்கெல்லாம் பணம் கொடுத்தது யார்? எந்த ஊருக்கு எவ்வளவு, எதற்குச் செலவு என்று முடிவு செய்தது யார்? எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களை யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

1. எல்லாம் ஒரு மாணவியிடமிருந்து

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில். கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல, ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த ஒரு மாணவி! சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இந்தத் தலைப்பைக் கொடுத்தார். அமெரிக்காவில் 1981-லேயே எய்ட்ஸ் பற்றிய முதல் செய்தி வந்துவிட்டது. ஆனால் "அது நம் நாட்டு வியாதி இல்லை" என்பதுதான் இங்கே பெரும்பாலோரின் நினைப்பு.

நிர்மலா, மயிலாப்பூரில் இருந்த அரசு பெண்கள் காப்பகம் போன்ற இடங்களுக்குப் போய் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தார். மாதிரிகளை வைத்திருந்தது வீட்டு ஃப்ரிட்ஜில். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதையே சொன்னது. அந்த வருடம் மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அரசுக்கு அப்போது தெரிந்த ஒரே வழி, ஆட்களைப் பிடித்து வைப்பது. பாலியல் தொழில் வழக்கில் காப்பகத்துக்கு வந்த பெண்களில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தவர்களை, தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. ஒரு பத்திரிகையாளர் தொடர்ந்த வழக்கில் 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். 1989-ல் மாநிலங்களவையில் ஒரு எய்ட்ஸ் தடுப்பு மசோதாவே கொண்டு வந்தார்கள். தனிமைப்படுத்துதல், கட்டாயப் பரிசோதனை என்று போன அந்த மசோதா, எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது.

ஆக, முதல் கட்டத்தில் "திட்டமிடல்" என்றால் நோய் உள்ளவரைப் பற்றி மற்றவர்கள் முடிவு செய்வது. அந்தப் பெண்களின் ரத்தத்தை எடுத்தார்கள். அவர்கள் கருத்தை யாரும் எடுக்கவில்லை.

2. கருவூலத்தில் மாட்டிய பணம்

1992-ல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கியது. நாக்கோ என்று சொல்வார்களே, அதுதான். உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. முதல் கட்டத் திட்டம் 1999 வரை நடந்தது.

பணம் டெல்லி வரை வந்துவிட்டது. அங்கிருந்து மாநிலத்துக்கு வந்து, வேலையாக மாற வேண்டுமே! அங்கேதான் சிக்கல். மத்திய அரசின் பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகும். அங்கே அது மற்ற அரசுப் பணத்தோடு சேர்ந்துவிடும். பிறகு ஒரு போஸ்டர் அடிக்க வேண்டுமென்றாலும், ஒரு ஆலோசகரை நியமிக்க வேண்டுமென்றாலும் கோப்பு நிதித் துறைக்குப் போக வேண்டும், அனுமதி வர வேண்டும். அதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். நோய் மார்ச் 31-க்காகக் காத்திருக்குமா?

தமிழ்நாடு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1994-ல் "தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்" என்று ஒன்றைச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்தார்கள். நம் ஊரில் ரசிகர் மன்றமோ நலச் சங்கமோ பதிவு செய்வோமே, அதே சட்ட வகைதான்! ஆனால் இதன் திட்ட இயக்குநர் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி. சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. டெல்லியிலிருந்து பணம் நேராக அந்தக் கணக்குக்கு வரும். செயற்குழு கூடி முடிவெடுத்தால் செலவு செய்யலாம். தொண்டு நிறுவனங்களோடு நேரடியாக ஒப்பந்தம் போடலாம்.

இந்தியாவிலேயே இப்படிச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடுதான். 1999-ல் இரண்டாம் கட்டத் திட்டம் தொடங்கியபோது எல்லா மாநிலங்களும் இதே மாதிரி சங்கம் அமைக்க வேண்டும் என்று நாக்கோ சொல்லிவிட்டது. இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நம் மாநிலத்தின் காப்பிதான்.

பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது பணம் வரும் பாதையைச் சரி செய்தது. முடிவெடுக்கும் மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மாற்றவில்லை.

3. அதே 1994-ல் அமெரிக்காவில்

இப்போது கொஞ்சம் வெளியே போய்விட்டு வருவோம். ஏனென்றால் மேஜையைப் பற்றிய சண்டை அங்கேதான் முதலில் நடந்தது.

1983-ல் டென்வர் நகரத்தில் நடந்த ஒரு மாநாட்டில், எய்ட்ஸ் உள்ளவர்கள் சிலர் மேடையேறி ஒரு அறிக்கை வாசித்தார்கள். எங்களை "பலியானவர்கள்" என்று சொல்லாதீர்கள், எங்களைப் பற்றி முடிவெடுக்கும் எல்லா இடத்திலும் எங்களுக்கு இடம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். டென்வர் கோட்பாடுகள் என்று அதைச் சொல்கிறார்கள்.

1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ரையன் ஒயிட் சட்டத்தை நிறைவேற்றியது. ரத்தம் உறையாத நோய்க்கு எடுத்துக்கொண்ட மருந்து மூலம் எச்.ஐ.வி. தொற்றி, பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கப்பட்டு, அந்த வருடம் ஏப்ரலில் இறந்துபோன சிறுவனின் பெயர் அது. இந்தச் சட்டப்படி, பாதிப்பு அதிகமுள்ள நகரங்களில் ஒரு திட்டக் குழு இருக்க வேண்டும். வரும் பணத்தில் மருந்துக்கு எவ்வளவு, வீட்டு வசதிக்கு எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு என்று முன்னுரிமை போடுவது அந்தக் குழு. பின்னால் 2000-ல் சட்டத்தைத் திருத்தியபோது, குழுவில் குறைந்தது 33 சதவீதம் பேர் அந்தச் சேவையைப் பெறும் எச்.ஐ.வி. உள்ளோராக இருக்க வேண்டும், அவர்கள் பணம் வாங்கும் நிறுவனங்களின் ஆட்களாக இருக்கக் கூடாது என்று எழுதினார்கள்.

1994-ல் இன்னொரு படி. தடுப்புப் பணிக்கான மத்திய நிதி வேண்டுமானால், மாநிலங்கள் உள்ளூர் மக்களோடு உட்கார்ந்துதான் திட்டம் போட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விதி கொண்டு வந்தது.

ஆக, ஒரே வருடத்தில் இரண்டு சீர்திருத்தங்கள். சென்னையில் பணத்தின் பாதையைத் திருத்தினார்கள். அங்கே மேஜையைச் சுற்றியிருந்த நாற்காலிகளைத் திருத்தினார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. திட்டக் குழுக் கூட்டங்களில் ஒரே சண்டை, யாருக்கு எவ்வளவு என்று இழுபறி. ஆனால் சண்டை போடவாவது ஒரு நாற்காலி இருந்தது.

அதே வருடம் டிசம்பர் 1-ம் தேதி பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகள், எச்.ஐ.வி. உள்ளோரின் பங்கேற்பை அதிகப்படுத்துவோம் என்று கையெழுத்துப் போட்டன. இந்தியாவும் அதில் ஒன்று.

4. அடையாறு வழியாக வந்த டாலர்

நம் ஊருக்குத் திரும்புவோம். டெல்லியிலிருந்து வந்த பணத்தைத் தவிர, தமிழ்நாட்டுக்கு இன்னொரு பாதையிலும் பணம் வந்தது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு கொடுத்தது. வாங்கிச் செலவு செய்தது சென்னை அடையாறில் உள்ள வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ். ஏழைகளுக்கான மருத்துவமனையாக 1958-ல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய நிறுவனம் அது. 1995-லிருந்து "ஏபாக்" என்ற பெயரில் இந்தத் திட்டம் நடந்தது. அமெரிக்கா, இந்திய அரசு, இந்த மருத்துவமனை மூவருக்கும் இடையே ஒப்பந்தம்.

ஏபாக் நேரடியாகக் களத்தில் இறங்கவில்லை. மாவட்டங்களில் இருந்த சிறு தொண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது, கணக்கு கேட்டது. லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள், பால்வினை நோய் சிகிச்சை என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தது. 1996-லிருந்து வருடா வருடம் மக்களின் நடத்தை பற்றிக் கணக்கெடுப்பும் நடத்தினார்கள். ஆணுறை பயன்பாடு எவ்வளவு கூடியிருக்கிறது, எந்தப் பிரிவினரிடம் கூடவில்லை என்று பார்த்து அடுத்த வருட வேலையை மாற்றிக்கொண்டார்கள். இது பெரிய விஷயம். நம் நாட்டில் பல திட்டங்கள் பத்து வருடம் ஓடிய பிறகுதான் "பலன் என்ன?" என்று கேட்பார்கள்.

ஆனாலும் கணக்கெடுப்பு வேறு, கலந்து பேசுவது வேறு. லாரி டிரைவரிடம் 40 கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு போவதால் அவர் திட்டத்தில் பங்காளி ஆகிவிட மாட்டார்.

5. பன்னிரண்டு பேரும் சில பெண்களும்

நாற்காலியை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அவர்களே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள்.

1997-ல் எச்.ஐ.வி. உள்ள பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு இந்திய அளவிலான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். சென்னைதான் தலைமையிடம். முன்னணியில் நின்றவர் அசோக் பிள்ளை. பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசிய மிகச் சிலரில் ஒருவர். 2002-ல் இறந்துவிட்டார். அடுத்த வருடம், 1998-ல், நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த பி. கௌசல்யா, வேறு சில பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். கணவர் மூலம் தொற்று வந்ததையும், கணவர் வீட்டில் பட்ட பாட்டையும் வெளிப்படையாகச் சொன்னவர்.

கூட்டமைப்பு தொடங்கி என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, பேசப்படும் பொருள் மாறியது. அதுவரை எல்லாச் செலவும் "மற்றவர்களுக்கு வராமல் தடுப்பது" பற்றியே இருந்தது. "ஏற்கனவே வந்தவர்களுக்கு என்ன?" என்று இவர்கள் கேட்டார்கள். விதவைக்குச் சொத்து, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், பிரசவம் பார்க்க மறுக்காத ஆஸ்பத்திரி. இவையெல்லாம் சுவர் விளம்பரத்தில் வராத விஷயங்கள்.

இரண்டாவது, மாவட்டம் மாவட்டமாகக் கிளைகள் வந்தன. 2002-ல் தொடங்கிய உலக நிதியம் ஒரு நிபந்தனை வைத்தது. பணம் கேட்டு எழுதும் தேசியக் குழுவில் அந்த நோயோடு வாழ்பவர்களும் இருந்தாக வேண்டும். நிபந்தனை ஜெனிவாவிலிருந்து வந்தது. ஆனால் உட்கார ஆள் வேண்டுமே? ஆளை முன்பே உருவாக்கி வைத்திருந்தவை இந்தக் கூட்டமைப்புகள்தான்.

மூன்றாவது, மருந்துக் காப்புரிமை. 2005-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மாறியது. காம்பிவிர் என்ற கூட்டு மாத்திரைக்கு கிளாக்ஸோ நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-ல் இந்தக் கூட்டமைப்பும் மணிப்பூர் கூட்டமைப்பும் எதிர்த்தன. அந்த வருடமே நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் நெவிரபின் சிரப்புக்குக் கேட்ட காப்புரிமையைப் பெண்கள் கூட்டமைப்பும் சேர்ந்து எதிர்த்தது. 2008-ல் அது நிராகரிக்கப்பட்டது. நிர்வாகிகள் எல்லாம் நோயாளிகள்தானே என்று ஒதுக்கப்பட்டவர்கள், பன்னாட்டுக் கம்பெனிகளின் விண்ணப்பங்களையே எதிர்த்து வென்றார்கள்!

6. மருந்து வந்தது, ஆனால் எவ்வளவு தூரத்தில்?

2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. பன்னாட்டு நிறுவனங்கள் அதே சிகிச்சைக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த காலம். மருந்து செய்வது நம் நாடு. ஆனால் நம் நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் அது கிடையாது. மூன்று வருடம் கழித்து, 2004 ஏப்ரல் 1-ம் தேதிதான் நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு வந்த ஒன்று, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை.

வேதாரண்யத்திலிருந்து தாம்பரம் 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு உப்பளத் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மருந்து வாங்கப் போக வேண்டும். பஸ் கட்டணம், இரண்டு நாள் கூலி இழப்பு, "எங்கே போனாய்?" என்ற கேள்விக்கு ஒரு பொய். மருந்து இலவசம்தான். ஆனால் போய் வாங்குவது இலவசமில்லை. மாத்திரையை விட்டுவிட்டு எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்தே வேலை செய்யாது. ஆக, பஸ் கட்டணம் என்பது இங்கே மருத்துவப் பிரச்சினை.

இதை ஒரு டாக்டரை விட, பஸ்ஸில் போய்வந்தவர் நன்றாகச் சொல்வார். நிதி ஒதுக்கும் மேஜையில் அவர் உட்கார வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், இரக்கம் இல்லை.

பிறகு நிலைமை முன்னேறியது. 2007-ல் தொடங்கிய மூன்றாம் கட்டத் திட்டத்துக்கு 11,585 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். மாவட்டந்தோறும் கட்டுப்பாட்டு அலகு அமைப்பது தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் பரிசோதனையும் தரும் "நம்பிக்கை மையம்" என்ற பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டு மருந்து சிகிச்சை மையங்கள் மாவட்டங்களுக்கு வந்தன. அவற்றுக்குத் துணையாக, மருந்து மட்டும் கொடுக்கும் இணைப்பு மையங்கள் கீழே வந்தன. 2009-ல் எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் வைப்பு நிதியோடு ஒரு அறக்கட்டளை தொடங்கியது. வைப்பு நிதியைத் தொடாமல் வட்டியில் குழந்தைகளின் படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவி. வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நம் மாநிலமே போட்ட பணம் இது.

பலன்? தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்கில் 2001-02-ல் 1.13 சதவீதமாக இருந்தது, 2007-ல் 0.25 ஆகக் குறைந்தது. தென் மாநிலங்களில் இளம் கர்ப்பிணிகளிடையே தொற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2006-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வும் சொன்னது. ஒரு காலத்தில் நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் ஒன்று என்று பேசப்பட்ட தமிழ்நாடு, அந்தப் பெயரைத் துடைத்தது.

7. வேதாரண்யத்துக்கு ஒரு திட்டம் போட்டால்

இவ்வளவு நடந்தும் ஒரு குறை மிச்சம். திட்டம் டெல்லியில் எழுதப்பட்டு, சென்னைக்கு வந்து, மாவட்டத்தோடு நின்றுவிடும். தாலுகாவில் இருப்பது செயல்படுத்துவது மட்டும். திட்டக் காகிதத்தில் சில பிரிவுகள் இருக்கும். பாலியல் தொழிலாளர், லாரி ஓட்டுநர், இடம்பெயரும் தொழிலாளர் என்று. நாமக்கல்லுக்கு அது பொருந்தலாம். எங்கள் ஊருக்கு?

எங்கள் பக்கத்தில் வருடம் இரண்டாகப் பிரியும். கோடையில் உப்பளம் ஓடும். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கம் உப்பு வாருவார்கள், லாரிகள் வந்து ஏற்றிப் போகும். ஐப்பசி மழை தொடங்கினால் பாத்தியில் வேலை கிடையாது. கோடியக்கரையில் அதற்கு நேர்மாறு. அக்டோபர் முதல் மார்ச் வரை மீன்பிடி சீசன். வேறு ஊர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். விவசாயத்தில் காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வராத வருடம், ஆட்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பிவிடுவார்கள். சிங்கப்பூர், வளைகுடா போனவர்கள் வேறு.

இடம்பெயரும் தொழிலாளருக்கான பணி முதலில் அவர்கள் போய்ச் சேரும் நகரங்களில்தான் நடந்தது. புறப்படும் ஊர்களையும் சேர்க்க வேண்டும் என்பது பின்னால்தான் திட்டத்தில் வந்தது. கோடியக்கரையில் சீசனுக்கு வந்து தங்கும் ஒருவர் தன் மாவட்ட மையத்தில் பதிவு செய்திருந்தால், ஆறு மாதம் மருந்துக்கு எங்கே போவார்? உப்பளத்து ஆள் எந்த மாதத்தில் பரிசோதனைக்கு வர வசதிப்படும்? 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எங்களைப் புரட்டிப் போட்டதே, சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததே, அந்த வாரம் மாத்திரை தீர்ந்துபோனவர் என்ன செய்வார்? புயல் மாதங்களில் கையில் கூடுதல் மாத்திரை கொடுத்து வைப்பது என்று தாலுகா அளவில் ஒரு முடிவு எடுத்தால் போதும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. கேட்க ஒரு ஆள் தேவை.

ஊர் கூடித் திட்டமிடுவது எங்களுக்குப் புதிதல்ல. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பு சத்தியாகிரகப் படையோடு நடந்து வந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்பேன் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதாக எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். வேதாரண்யத்தில் வேதரத்னம் பிள்ளை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை, எந்தத் தொண்டு நிறுவனம் எங்கே போக வேண்டும் என்று பார்க்க ஒரு ஒருங்கிணைப்பு மையமே அமைத்தார்கள். படகு கேட்காத ஊருக்குப் படகும், பழைய துணி தேவைப்படாத ஊருக்குத் துணி மூட்டையும் வந்து குவிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. வெளியூர்ப் பணம் எவ்வளவு வந்தாலும் உள்ளூர் ஆள் வழி சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

எச்.ஐ.வி. விஷயத்தில் மட்டும் அது ஏன் கடினம்? காரணம் வெட்கம். சுனாமிக் கூட்டத்தில் "என் வீடு போச்சு" என்று எழுந்து சொல்லலாம். இங்கே எழுந்து நின்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் மாவட்டக் கூட்டமைப்புகள் அவசியம். ஒருவர் முகம் காட்டாமலே அவர் குரலை மேஜைக்குக் கொண்டுபோக அவற்றால் முடியும்.

8. பணம் திரும்பிப் போகும்போது

கடைசியாக, இது ஏன் இப்போது முக்கியம்?

2014-ல் மத்திய அரசு தன் திட்டப் பணத்தை மறுபடியும் மாநிலக் கருவூலங்கள் வழியாக அனுப்ப ஆரம்பித்தது. விளைவு? 1992-ல் பார்த்த அதே தாமதம். நாட்டின் பல இடங்களில் களப்பணியாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் தமிழ்நாடு கற்றுக்கொடுத்த பாடத்தை மறந்ததன் விலை அது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத்துக்கு 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கி, முழுவதும் மத்திய அரசின் பணத்திலேயே நடத்துவதாக முடிவு செய்தார்கள். வெளிநாட்டுக் கடனை நம்பித் தொடங்கிய திட்டம் சொந்தக் காலில் நின்றது நல்ல விஷயம்.

அது எவ்வளவு நல்லது என்பது 2025-ல் தெரிந்தது. அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. ஜூலையில் யு.எஸ்.எய்டு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். ஹைதராபாத்தில் திருநங்கைகளுக்காக அந்தப் பணத்தில் நடந்த மித்ர் கிளினிக் அந்த வருடத் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. பிறகு உள்நாட்டு நன்கொடையில் வேறு பெயரில் மறுபடி திறந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பாதிப்பு இதைவிட எவ்வளவோ பெரிது.

கொடுப்பவர் மனம் மாறினால் பணம் ஒரே கையெழுத்தில் நின்றுவிடும். ஊர்க்காரர்களும் நோயோடு வாழ்பவர்களும் சேர்ந்து நடத்திய சேவைதான், பணம் குறைந்தாலும் வேறு வழி தேடிப் பிழைக்கும்.

2017-ல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலையிலோ படிப்பிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டக் கூடாது, ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது, புகாரை விசாரிக்க மாநிலங்கள் குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. அடைத்து வைத்த 1980-களிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆனால் ரையன் ஒயிட் சட்டம் போல, உள்ளூர்த் திட்டக் குழுவில் இத்தனை பேர் எச்.ஐ.வி. உள்ளோராக இருக்க வேண்டும் என்று இது சொல்லவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நம் கல்லூரிகளில் ரெட் ரிப்பன் கிளப் இருக்கிறது. டிசம்பர் 1 வந்தால் கோலப் போட்டி, ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் உண்டு. நல்லதுதான், நானும் போவேன். அதோடு இன்னொரு வேலையும் செய்யலாம் என்று தோன்றுகிறது. உங்கள் தாலுகா மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? கூட்டு மருந்து வாங்க உங்கள் ஊர் ஆள் எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும்? மாவட்ட அளவில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்கு எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பை அழைக்கிறார்களா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்றையும் கேட்கலாம். யாருடைய பெயரும் தேவையில்லை, யாருடைய ரகசியமும் வெளியே வராது. நாகை மாவட்டத்துக்கு நான் எழுதப் போகிறேன். மற்ற மாவட்ட நண்பர்களும் எழுதினால், பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.